சல்யூட் அடிக்காத சிப்பாய்

7

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் துப்பறியும் நிலையத்தில் நான் ராணுவ அதிகாரியாக இருந்தேன். சுவர்க் கண்ணாடி முன் விறைப்பாக நின்று, சாட்சிப் பொருளாக வந்திருந்த பேரட் தொப்பியை வலக்காதுப் பக்கம் சரித்து, எனக்கு நானே ஒரு சல்யூட் வைத்தேன்.

"கேப்டன் ஷோயப், அரக்கோணம் ரெஜிமென்ட். எதிரியின் பஜ்ஜியைத் தனியாளாகப் பிடித்தவர்."

"பிடிச்ச கேப்டன் கை கழுவிட்டுத் தொப்பியத் தொடக் கூடாதா?" என்றார் நிர்மலா அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

நிர்மலா அக்கா தபால் இலாகாவில் இருபது வருஷம் இருந்தவர். முகவரி தப்பான கடிதங்களுக்கு வீடு கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அதே வேலையை மனிதர்களுக்குச் செய்யலாம் என்று திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பூக்கடை மாடியில் இந்த நிலையத்தைத் திறந்தார். நான் அவருடைய உதவியாளன், ஓட்டுநர், சாப்பாட்டு நேரத்தில் எதிர்க்கட்சி.

அந்தத் தொப்பி வந்த கதை இது. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் கெங்கம்மாளின் ஒரே மகன் சூர்யபிரகாஷ். ராணுவத்தில் இருந்தவன். இரண்டு வருஷம் முன்னால் பனிமலையில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். அவன் சாமான்களோடு வந்த புத்தம்புதுத் தொப்பியை அந்தம்மா அவன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பத்து நாளைக்கு முன்னால் ராணுவ உடுப்பில் ஒருவன் வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து படத்தின் முன் மரம் மாதிரி நின்றான். தண்ணீர் கொண்டுவர அந்தம்மா உள்ளே போன நேரத்தில் ஆளைக் காணோம். ஆணியில் புதுத் தொப்பி போய், ஒரு பழைய தொப்பி தொங்கியது. கெங்கம்மாள் ஆத்திரத்தில் அதைத் தெருவில் வீசிவிட்டு எங்களிடம் வந்தார். அதை எடுத்து நாங்கள் சாட்சிப் பொருளாக்கினோம். நான் அதைத் தலைப்பொருளாக்கினேன்.

வழக்கை ஒரே நாளில் முடித்துவிட்டோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். அதில்தான் சனியன் பிடித்தது.

வாசலில் யாரோ செருமினார்கள். தொப்பியோடு திரும்பினேன். நின்றிருந்தவர் குணசேகரன். எங்கள் புண்ணியத்தில் ஊரில் தொப்பித் திருடன் என்று பெயரெடுத்தவர்.

பதினெட்டு வருஷமாகத் தனியார் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வு நேரத்தில் ராணுவ வேஷம் போடும் சங்கத்தில் உறுப்பினர். சுதந்திர தின ஊர்வலம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றிலும் அவர்கள் உடுப்போடு நடப்பார்கள். நிஜ சிப்பாய் என்று யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்தச் சங்கத்தில் ஒரு விதி. ஒவ்வொருவர் வேஷத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பு இருக்க வேண்டும். யாருக்கு எந்தத் தப்பு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நிஜப் படையில் பேரட் வலப்பக்கம் சரியும். குணசேகரனுக்கு ஒதுக்கிய தப்பு, இடப்பக்கம் சரிப்பது.

பக்கத்து வீட்டு ஷாலினி அன்றைக்கு எடுத்த செல்ஃபியில், வாசலில் நிற்கும் சிப்பாயின் முகம் பாதிதான் விழுந்திருந்தது. ஆனால் தொப்பி இடப்பக்கம் சரிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கை தட்டியவன் நான். போலீசில் சொன்னவர் அக்கா. போலீஸ் குணசேகரனின் உடுப்பை எடுத்துப்போனது. பள்ளிக்கூடம் அவரை வெளியே நிற்கவைத்தது.

"உக்காருங்க சார்," என்றார் அக்கா.

"வேணாம் மேடம். நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. வேலைய விட்டுத் தூக்கறாங்க. எனக்காகப் பேசுங்கன்னு கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வந்தவன் பையன் படத்துக்குச் சல்யூட் கூட அடிக்கல, அதனாலயே அவன் போலின்னு அந்தம்மா சொல்லிக்கினு இருக்காங்களாமே. நான் போயிருந்தா அடிச்சிருப்பேன் மேடம். பதினோரு வருஷமா வேஷம் போடறேன். கொடிக்கம்பத்தப் பார்த்தாலே கை மேல போவுது. நாங்க வேஷம் போடறதே அந்த ஒரு சல்யூட்டுக்குத்தான்."

"கொடிக்கம்பம் திருப்பி அடிக்குமா சார்?" என்றேன். வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

குணசேகரன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "சரியா சாச்சிருக்க தம்பி. வலப்பக்கம். அப்படிப் போட எனக்குத்தான் அனுமதி இல்ல," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஷோயப்பு. அப்படியே நில்லு. அசையாத."

"சுடப் போறீங்களாக்கா?"

"தொப்பிய எந்தப் பக்கம் சாச்சிருக்க?"

"வலப்பக்கம். இப்பதான் நிபுணரே சர்ட்டிபிகேட் குடுத்தாரே."

"கண்ணாடிக்குள்ள இருக்கறவன் எந்தப் பக்கம் சாச்சிருக்கான்?"

பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த கேப்டன் ஷோயப் இடப்பக்கம் சாய்த்திருந்தான்.

அக்கா கைபேசியில் ஷாலினியின் செல்ஃபியைத் திறந்தார். நூறு தடவை பார்த்த படம்தான். முன்னால் ஷாலினி, பின்னால் வாசலில் சிப்பாய், அவன் பக்கத்தில் கெங்கம்மாள். அக்கா கெங்கம்மாளைப் பெரிதாக்கினார். "முந்தானை எந்தத் தோள்ல?"

"வலது தோள்ல." சொன்ன பிறகுதான் உறைத்தது. "வடநாட்டு சேட்டம்மா மாதிரி."

"அம்மையார்குப்பத்துல எந்தம்மா முந்தானைய வலது தோள்ல போடறாங்க?"

யாரும் போடுவதில்லை. படம்தான் கண்ணாடி மாதிரி திரும்பி விழுந்திருந்தது. முன்பக்கக் கேமரா செய்த வேலை. வந்தவனுடைய தொப்பி வலப்பக்கம்தான், சரியாகத்தான் சரிந்திருந்தது. நாங்கள்தான் தப்பான முகவரியில் கொண்டுபோய்ப் பழியைப் போட்டிருந்தோம்.

"முந்தானைய நூறு தடவ பார்த்தோம்டா," என்றார் அக்கா. "ஒருத்தன மாட்டிவிடற அவசரத்துல தொப்பிய மட்டும் பார்த்தோம்." அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. மணி பதினொன்று.

*

சங்கத் தலைவர் அசோக்குமார் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கிறார். மாறுவேடப் போட்டிக்குப் போகும் எல்லாக் குட்டி நேருவுக்கும் குட்டிப் பாரதிக்கும் அவர்தான் துணி வெட்டுவார். எங்களைப் பார்த்ததும் தையல் மெஷினை நிறுத்தாமலேயே, "இன்னும் யாரையாவது புடிச்சிக் குடுக்கணுமா?" என்றார்.

"தப்பு பண்ணிட்டோம். சரி பண்ண வந்திருக்கோம்," என்றார் அக்கா. மெஷின் நின்றது.

நோட்டு வந்தது. பதினேழு பேர், பதினேழு தப்பு. தரைப்படை உடுப்பு போட்டுக்கொண்டு கடற்படை மாதிரி உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து சல்யூட் அடிப்பவர் ஒருவர். விமானப்படை உடுப்பில் தரைப்படை மாதிரி உள்ளங்கையை முன்னால் காட்டுபவர் ஒருவர். பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர் மூன்று படையின் சல்யூட்டையும் கலந்து அடிப்பதாக எழுதியிருந்தது.

"அவரு தப்பு பண்ணணும்னு பண்ணல. அவருக்கு அப்படித்தான் வருது," என்றார் அசோக்குமார்.

"இந்தப் பதினேழு பேர்ல சல்யூட் அடிக்காதவரு யாரு?"

"இன்னா மேடம் கேக்கறீங்க? சோறு இல்லாம கூட இருப்பானுங்க."

"சரி, நிஜ சிப்பாய்? எப்ப அடிக்க மாட்டான்?"

அசோக்குமார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தலைல தொப்பி இல்லன்னா அடிக்க மாட்டான். நம்ம ராணுவத்துல அதான் பழக்கம். வெறுந்தலையோட கை தூக்கக் கூடாது. விறைப்பா நிக்கணும், அவ்ளோதான். அதுதான் அவன் மரியாத."

தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். மரம் மாதிரி நின்றான். கெங்கம்மாள் சொன்ன அதே இரண்டு வாக்கியங்கள். எதை வைத்து அவனைப் போலி என்று ஊரே சொன்னதோ, அதை வைத்துத்தான் அவன் நிஜம்.

"வேஷக்காரனா இருந்தா அடிச்சிருப்பான்," என்றார் அக்கா மெதுவாக. "குணசேகரன் சார் காலைல அதத்தான சொன்னாரு. அவரு வாயால சொல்லியும் எனக்கு விளங்கல பாரு."

அசோக்குமார் என் தலையைப் பார்த்தார். தொப்பி இன்னும் அங்கேதான் இருந்தது. கை நீட்டி வாங்கி, திருப்பி, உள்பட்டையை விரலால் நெருடினார். "இது எங்க ஆளுங்க வாங்கற சரக்கு இல்ல. நல்ல கம்பளி. உள்ள கிழிஞ்சத யாரோ கையால சேர்த்திருக்கான். தையக்காரன் முடிச்சு இல்ல இது. எங்க கத்துக்கினானோ."

அக்கா அந்த முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "இனிமே இத தலைல வைக்காத," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் தொப்பியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று எனக்கும் பாதி தெரிந்துவிட்டது.

*

ஸ்கூட்டர் அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. தெரு முழுக்க தறிச் சத்தம். கெங்கம்மாள் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். முந்தானை இடது தோளில்தான் இருந்தது.

"திருடன்கிட்டேர்ந்து தொப்பிய வாங்கிட்டியாம்மா?"

"உங்களுக்கு அந்த ஆளப் பத்தி வேற ஏதாவது ஞாபகம் இருக்காம்மா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

"இன்னா ஞாபகம்? தெலுங்குக்காரன் மாதிரி பேசினான். தண்ணி கேட்டான். கண்ணு செவந்து கெடந்துது. குடிச்சிருப்பான்." கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. மாசாமாசம் ஒரு போன் வரும். எடுத்தா பேச மாட்டான், மூச்சு மட்டும் கேக்கும், வெச்சிடுவான். இவன் வந்துட்டுப் போன பெறகு இந்த மாசத்து போன் வரல. இவன்தான் நோட்டம் பார்த்துகினு இருந்திருக்கான்."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீ தொப்பி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துதுன்னுதான கேட்ட?"

அக்கா என் பையைக் காட்டினார். நான் தொப்பியை எடுத்தேன். கெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தப் பீடையை ஏன் திரும்பிக் கொண்டாந்தீங்க?"

"உள்ள ஒரு முடிச்சு இருக்கு. நீங்க ஒருக்கா தடவிப் பாருங்க."

வேண்டா வெறுப்பாக வாங்கினார். விரல் உள்பட்டைக்குள் போனது. கெங்கம்மாள் அதைப் பார்க்கக்கூட இல்லை. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சு அது. இரண்டு நுனியும் வெளியே தெரியாமல் ஒட்ட நறுக்கியிருக்கும். அந்தத் தெருவில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இடது கைக்காரன் முடிச்சு," என்றார். "எதிர்ப்பக்கம் திருகியிருக்கு. எங்க தெருவுல இப்படிப் போடறது என் பையன் ஒருத்தன்தான்."

"அப்ப அந்தப் புதுசு?" என்றார் கெங்கம்மாள். "ரெண்டு வருஷமா நான் தெனம் எடுத்து மோந்து பார்த்துகினு இருந்தனே, அது யாருது?"

அந்த மாதாந்திர நம்பர் அவருடைய கைபேசியில் இருந்தது. அக்கா அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான் சூர்யா அம்மா பேசறேன்," என்றார் கெங்கம்மாள்.

"அம்மா," என்றது குரல். "நான் ஜெயப்பிரகாஷ். நகரி பக்கம். சூர்யாவும் நானும் ஒரே ரூமு."

"சொல்லு."

"அன்னிக்கு அந்த லாரி டூட்டி எனக்கும்மா. எனக்கு ஜுரம். நீ படு, நான் போறேன்னு சூர்யா போனான். அவசரத்துல என் புதுத் தொப்பிய மாட்டிக்கினு போயிட்டான். அவனது என்கிட்ட நின்னுபோச்சு. என்னுதுதான் உங்களுக்கு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல தைரியம் இல்ல. சொன்னா டூட்டி யாருதுன்னு கேப்பீங்க. மாசாமாசம் போன் பண்ணுவேன், வாய் வராது. இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன். அன்னிக்கு நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க தண்ணி எடுக்கப் போனீங்க. உங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்க முடியலம்மா. மாத்தி வெச்சிட்டு ஓடிட்டேன்."

கெங்கம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார். "என் பையன் படத்துக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம் இல்ல?"

"நான் போட்டுகினு வந்த என் தொப்பிய வாசல்ல கழட்டிட்டேன் இல்லம்மா. வெறுந்தலையோட அடிக்கக் கூடாது. நின்னேன். என்னால முடிஞ்ச வரைக்கும் நின்னேன். ரெண்டு வருஷமா அவன் தொப்பிய நான் தலைல வெக்கல, கழுவல. கவர்ல கட்டி வெச்சிருந்தேன். அவன் வாசன போவக் கூடாதுன்னு. மோந்து பார்த்தீங்களாம்மா?"

கெங்கம்மாள் தொப்பியை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு நிமிர்ந்து, புரியாமல் எங்களைப் பார்த்தார்.

"மல்லி அத்தர் வாசன வருது."

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லி அத்தர் போடுகிறவன். மற்ற நாளில் வாசனை எண்ணெய். பத்து நாளாக அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன், பேருந்து நிலையத்தில் சல்யூட் அடித்துச் சிரிக்கவைத்தேன்.

"நான்தாம்மா," என்றேன். "விளையாட்டுக்குப் போட்டுகினு திரிஞ்சேன். அவரோடதுன்னு தெரியாது."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மொதல்ல தெருவுல தூக்கி எறிஞ்சது நான்தான தம்பி," என்றார். போனில் அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். கெங்கம்மாள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "நைனா, லீவு முடியறதுக்குள்ள வா. வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார்.

அக்கா மணியைப் பார்த்தார். இரண்டரை. "அம்மா, இன்னொருத்தருக்கு நாம கடன்பட்டிருக்கோம்."

கெங்கம்மாள் தொப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டார். "ஆங், வா போலாம். திருடன்னு சொன்ன வாயாலதான் இல்லன்னு சொல்லணும்."

*

பள்ளி அலுவலக அறையில் ஆறு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். குணசேகரன் எதிரே நின்றிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "இவரு மேல பழி போட்டது நான். ஆதாரத்தத் தலைகீழா படிச்சேன். தப்பு என்னுது, இவருது இல்ல," என்றார். இருபது வருஷ சர்வீஸில் அவர் இப்படிக் குரல் தாழ்த்திப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கெங்கம்மாள் நடந்ததைச் சொன்னார். ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டு அவனையும் பேசவைத்தார். கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

வெளியே, மைதானத்துப் பக்கம் கெங்கம்மாள் குணசேகரன் முன்னால் நின்று முந்தானையைப் பிரித்தார். "என் பையன் தொப்பி சார். இதுக்காகத்தான் உங்கள அசிங்கப்படுத்திட்டேன்."

குணசேகரன் தொப்பியைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாக எழுந்தது. பதினோரு வருஷப் பழக்கம். பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய தொப்பி போலீசில் இருந்தது. கையை இறக்கி, குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அசையாமல் நின்றார். வெறுமனே நின்றார்.

கெங்கம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "இப்படித்தான்," என்றார். "அந்தப் பையனும் இப்படித்தான் நின்னான். நான்தான் மரம்னு நெனச்சிட்டேன்." அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

அக்கா குணசேகரனுக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றார். நானும் நின்றேன், இரண்டடி தள்ளி. என் மேல் இன்னும் மல்லி வாசனை அடித்துக்கொண்டிருந்தது. காற்று அந்தம்மா பக்கம் வீசியதால் இன்னும் இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். அன்றைக்குப் பிறகு நான் அத்தர் போடுவதில்லை.